அலமாரிச் சாவி

மூன்று நாள் வெளியூர் வேலை முடிந்து காலையில் வீடு திரும்பியவன், மனைவியின் இடது காலைப் பார்த்ததும் பையைத் தரையில் போட்டான். முழங்கால் வரை தூண் மாதிரி வீங்கியிருந்தது.

"ஸ்டாக்கிங்ஸ் எங்க?"

"அத்தை அலமாரில இருக்கு. பூட்டியிருக்கு."

வீக்கத்தை அடக்க அவள் தினமும் போடும் இறுக்கமான காலுறை அது. இருந்ததே ஒன்றுதான். புதிது கேட்டதற்கு இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது.

அம்மாவிடம் போனான். "சாவியைக் குடும்மா."

"பதினோரு மணி ஆகட்டும்."

"அவ கால் வீங்குது."

"வீங்கட்டும்."

"உன் பொண்ணா இருந்தா இப்படிச் சொல்லுவியா?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். வாசல் மணி அடித்தது.

வந்தவர் இன்சூரன்ஸ் கம்பெனி டாக்டர். டேப்பை எடுத்து இரண்டு கால்களையும் அளந்தார்.

"எட்டு சென்டிமீட்டர் வித்தியாசம். போன தடவை ரெண்டும் ஒரே அளவா இருந்துச்சு, அதான் தேவையில்லைன்னு எழுதினேன். இப்ப சாங்ஷன் ஆயிடும்."

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "போட்டுக்கிட்டே இருந்தா வீங்காது. வீங்கலைன்னா தர மாட்டாங்க."

அவன் தலைகுனிந்தான். "சரிம்மா, இப்பவாவது சாவியைக் குடு."

"எங்கிட்ட ஏது?"

மனைவி தலையணைக்கு அடியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினாள்.

"பூட்டினதே நான்தான். அத்தைகிட்ட சாவி இருந்தா காரியம் கெட்டிருக்கும். மனசு கேக்காம நேத்துலேருந்து நாலு தடவை வந்து கேட்டுட்டாங்க."