செண்பகவல்லி வாங்கிய மெமோ

மேடையில் தலைவர்கள் எதை உளறினாலும், அது டிவிக்கு வருவதற்குள் சேனல் அலுவலகத்து இயந்திரம் ஒரு திருத்தத்தை நீட்டிவிடும். பத்து விநாடிக்குள் செண்பகவல்லி பொத்தானை அழுத்தினால் திருத்தியது ஒளிபரப்பாகும். விட்டால் பேசியது அப்படியே போய்விடும். ஆறு வருஷமாக அவள் ஒன்றையும் விட்டதில்லை. வீட்டு ஷோகேஸில், அதற்காகச் சேனல் வருஷத்துக்கொன்றாகக் கொடுத்த ஆறு கேடயங்கள்.

அன்று மதியம் மேடையேறிய அமைச்சர் ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"பாலம் இடிஞ்சதுக்கு நான்தான் காரணம். செத்தவங்க குடும்பம் என்னை மன்னிக்கணும்."

எந்த அமைச்சர் வாயிலிருந்தும் அவள் இப்படிக் கேட்டதில்லை. இயந்திரமும் கேட்டதில்லை போலும். அதன் திரை சிவந்தது. ‘வாய் தவறிவிட்டார்’ என்று முடிவுகட்டி, "பாலம் இடிஞ்சதுக்கு மழைதான் காரணம்" என்று அவர் குரலிலேயே தயாரித்து நீட்டியது.

"அழுத்தும்மா! நேரம் போகுது!" என்று எடிட்டர் கத்தினார்.

செண்பகவல்லி கையைக் கட்டிக்கொண்டாள். அமைச்சர் சொன்னது சொன்னபடியே ஊரெல்லாம் கேட்டது.

சாயங்காலம், பொத்தானை அழுத்தாததற்கு எடிட்டர் கையில் கொடுத்த மெமோவுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"மெமோவப் போய் யாராச்சும் ஃபிரேம் போடுவாங்களா?" என்றார் கணவர் அருள்மொழி.

"அந்த ஆறு கேடயத்தையும் கொஞ்சம் பின்னால தள்ளுங்க," என்றாள் அவள். "இது முன்னாடி நிக்கட்டும்."