துருத்தி

துருத்தித் தீவில் மிஞ்சிய ஒரே குடிசை பூவாத்தாவுடையது. அதைக் காலிசெய்யச் சொல்லி வந்த இரும்பாலை மேலாளர் தனபால், ஊர்ப்பெயரையே சாட்சிக்கு இழுத்தார்.

"துருத்தின்னா கொல்லன் உலையில ஊதுறது, அம்மிணி. பேர்லயே ஆலை இருக்குது. நீதான் நடுவுல வந்தவ."

"ரெண்டு பக்கமும் ஆறு ஓடுற திட்டுக்குத்தானுங்க துருத்தின்னு பேரு."

"மேக்கால ஆறு எங்க?" தராசுத் தட்டில் கட்டைவிரலை வைத்தவரைப் போல இளித்தார்.

மேற்கே ஓடிய ஆற்றை ஆலைச் சாம்பல் மூடியிருந்தது. அதன்மேல் லாரிகள் ஓடின. பூவாத்தா குடிசையோரம் சாய்த்திருந்த பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சாம்பல்மேட்டில் ஏறினாள். பழைய துறை இருந்த இடத்தில், பாதையின் நடுவே, அதை நிமிர்த்திப் போட்டு உள்ளே உட்கார்ந்தாள்.

முதல் லாரி ஆரன் அடித்தது.

துடுப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அக்கரைக்குன்னா ஏறு. இல்லீனா ஒதுங்கிப் போ. ஆத்துல என்னத்துக்கு ஆரன் அடிக்கிற?"