சூடு ஏறாத இஞ்சின்

இன்றைக்கு அவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று அர்ஜுனன் முடிவு கட்டிவிட்டார்.

ஐந்து நாளாக இதே கதைதான். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் அவர் ஃப்ளாட்டுக்குத் திரும்பும்போது, கீழே கார் நிறுத்துமிடத்தில் ஆயிரம் வண்டு சேர்ந்து இரைவதுபோல் ஒரு சத்தம் கேட்கும். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் வாசலில் நுழைந்ததும் அது பட்டென்று நின்றுவிடும்.

போய்ப் பார்த்தால் கீழ்வீட்டு ஹஸ்ருல். நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை. நிஜ இஞ்சின் வைத்த ஒரு முழ நீள ரிமோட் காரை மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருப்பான்.

‘இங்கே வண்டி வேலை பார்க்கக் கூடாது’ என்று தூணில் எழுதி ஒட்டியதே கமிட்டிச் செயலாளர் அர்ஜுனன்தான். ஃப்ளாட்டே வேலைக்குக் கிளம்பிப் போன நேரமாகப் பார்த்து இந்தத் திருட்டுத்தனம் என்று முனகிக்கொண்டே முதல் மாடிக்கு ஏறுவார். ஜன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, சாயங்காலம் வரை பகலை இருட்டாக்கிக்கொண்டு படுப்பார். லேசில் தூக்கம் வராத மனிதர்.

இன்று சந்து முனையிலேயே மோட்டாரை அணைத்துவிட்டு, தூறலில் தள்ளிக்கொண்டு வந்தார்.

ஹஸ்ருல் குந்தியிருந்தான். இராத்திரி மழையில் சிமெண்டுத் தரை சில்லென்று கிடந்தது. இஞ்சினைச் சுற்றி அலுமினியத் தாள், அதன்மேல் ஒரு பழைய காலுறை. தலைமுடி காயவைக்கும் மெஷினால் அதற்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தான். கயிற்றை இழுத்தான். இஞ்சின் இருமிவிட்டு அடங்கியது.

“நடக்கட்டும், நடக்கட்டும்.”

துள்ளி எழுந்தான். “அண்ணே. சத்தமே இல்லாம வந்துட்டீங்க.”

“சத்தம் கேட்டா ஒளிச்சு வைக்கலாம்னா?”

“இல்லண்ணே. புது இஞ்சின். பந்தயத்துக்கு முன்னாடி மெதுவா ஓட்டிப் பழக்கணும். ஞாயித்துக்கிழம புக்கிட் மெர்தாஜாம்ல ரேஸ். மூணு வருசமா அடுத்தவன் கார் ஓடுறத வேலிக்கு வெளிய நின்னு பாத்தேன். இந்த வருசம் பேர் குடுத்துட்டேன்.”

“பழக்குற நேரமா இது?” அர்ஜுனன் ஒரு காலத்தில் படகு இஞ்சின்களைத் தானாகவே பிரித்துப் பூட்டிக் கற்றவர். “சூடு ஏறினாத்தான் உள்ள சிலிண்டர் விரிஞ்சு இளகும். இந்தக் குளிர்ல இறுக்கமா ஓட்டுனா உடைஞ்சு போகும். இதுகூடத் தெரியாம ரேஸாம்.”

“தெரியும்ணே.” காலுறையைத் தொட்டுப் பார்த்தான். “இப்பக் கொஞ்சம் பரவால்ல. ஒரே ஒரு தடவ.”

கயிற்றை இழுத்தான். இஞ்சின் பற்றிக்கொண்டு அலறியது. அவன் முகம் மலர்ந்தது.

டக்.

அவ்வளவுதான்.

அர்ஜுனன் காரைக் கையில் வாங்கிச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார். உள்ளே ஏதோ ஒன்று கழன்று கடகடத்தது. அவருக்குப் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை.

“பிஸ்டன் தண்டு முறிஞ்சுபோச்சு தம்பி.”

ஹஸ்ருல் காரை வாங்கிக்கொண்டான். நழுவியிருந்த காலுறையை மறுபடி இஞ்சின்மேல் இழுத்துவிட்டான்.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள உனக்கு வேற இஞ்சின் கெடைக்குமா?”

தலையை மட்டும் ஆட்டினான், இல்லை என்று.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அர்ஜுனனின் வாய் சும்மா இருக்கவில்லை. “பதினோரு மணிக்கெல்லாம் வெயில் சுள்ளுனு வந்துடுது. நீ கடைக்குப் போறது மூணு மணிக்கு. அந்த நேரத்துல பழக்கியிருந்தா இந்தக் கதி வருமா? எனக்குப் பயந்து காலையில ஒளிஞ்சு ஒளிஞ்சு ஓட்டி, நல்ல இஞ்சின நாசமாக்கிட்டியே.”

ஹஸ்ருல் மெஷினின் வயரைச் சுருட்டி முடித்தான். பிறகு தலைக்கு மேலே இருந்த முதல் மாடி ஜன்னலைப் பார்த்தான்.

“வெயில் வர்ற நேரத்துல உங்க ஜன்னல்ல கறுப்புத் துணி தொங்குமேண்ணே. அப்ப எப்படி ஸ்டார்ட் பண்றது?”