கிளப் மாறும் கோச்

“கோச் மறுபடியும் கிளம்பறாராம்!”

உடை மாற்றும் அறையில் கோல்கீப்பர் இப்படிச் சொன்னதும், ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கேப்டன் விருட்டென்று நிமிர்ந்தான்.

“யார் சொன்னது?”

“அவரேதான். பெரிய கிளப் ஒண்ணு கூப்பிட்டிருக்காம். நாளைக்குக் கடைசி மேட்ச் முடிஞ்சதும் டாட்டாவாம்.”

கால்பந்து லீக் பட்டியலில் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. இந்தக் கோச் வந்த பிறகுதான் தலை நிமிர்ந்தது. மேல் டிவிஷனுக்குப் போகப்போகிற நேரத்தில் கை கழுவுகிறார்!

“இதுல என்ன அதிசயம்?” என்றார் டீம் மேனேஜர். “ஆடின காலத்துலயே அப்படித்தான். மிட்ஃபீல்டுல அவரை அடிச்சுக்க ஆளில்லை. ஆனா, ஒரு கிளப் சட்டை வெளுக்கறதுக்குள்ள அடுத்த கிளப் சட்டை! பேப்பர்காரங்க வெச்ச பேரே ‘சூட்கேஸ்’தான்.”

எல்லாரும் சிரித்தார்கள். கேப்டனுக்கு மட்டும் ஆறவில்லை. பைக்கை எடுத்தான். நேராகக் கோச் வீட்டு வாசலில் போய் நின்றான்.

கதவைத் திறந்தது கோச்சின் மனைவி. ஹால் முழுக்க அட்டைப்பெட்டிகள்.

“வாப்பா கேப்டன். நாற்காலியெல்லாம் கட்டியாச்சு, அந்தப் பெட்டி மேலயே உட்காரு. துணிதான், ஒண்ணும் ஆகாது. அவர் டேப் வாங்கக் கடைக்குப் போயிருக்கார்.”

“அக்கா, நீங்களாவது அவருக்குச் சொல்லக் கூடாதா? இன்னும் எத்தனை ஊருக்குத்தான் அவர் பின்னாடி மூட்டை கட்டிட்டு அலைவீங்க? அவர் பேராசைக்கு நீங்க ஏன் கஷ்டப்படணும்?”

“பேராசையா?”

“பின்னே? ஒரே இடத்துல நிலைச்சு ஆடியிருந்தா அன்னிக்கே தேசிய அணியில எடுத்திருப்பாங்க. காலில் சக்கரம்! இப்பவும் பாருங்க, பெரிய கிளப் கூப்பிட்டதும் எங்களை அம்போன்னு விட்டுட்டு ஓடறார்.”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“எந்தக் கிளப்? அவரை யாரும் கூப்பிடலையேப்பா. போற ஊர்ல பள்ளிக்கூடத்துக்காவது கோச் வேணுமான்னு காலையில இருந்து இவர்தான் போன் போட்டுக் கேட்டுட்டிருந்தார்.”

“அப்போ எதுக்குப் போறார்?”

“எனக்கு மாற்றல்ப்பா. நான் இன்ஜினியர். நீ இப்ப பைக்ல தாண்டி வந்தியே, ஆத்துப் பாலம், அது நான் நின்னு கட்டினது. பாலம் முடிஞ்சா அடுத்த ஊர். கல்யாணமானதிலிருந்து நான் போற ஊருக்கெல்லாம் அவர்தான் கூட வந்து, அங்கே ஒரு கிளப் தேடிக்குவார்.”

கேப்டன் பெட்டியை விட்டு எழுந்தான்.

அதற்குள் டேப்போடு கோச் உள்ளே நுழைந்தார். இருவர் முகத்தையும் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

“ஏங்க, போற இடமெல்லாம் இப்படித்தான் புளுகிட்டு வந்தீங்களா?” என்றாள் மனைவி. “ஊரெல்லாம் உங்களைப் பேராசைக்காரன்னு ஏசுது. நிஜத்தைச் சொல்லியிருந்தா என்ன?”

கோச் அசடு வழியச் சிரித்தார்.

“சொல்லியிருந்தா, ‘நல்லா ஆடினவன், பொண்டாட்டியால கெட்டான்’னு உன்னையில்ல ஏசியிருப்பாங்க!”