வெள்ளிக்கிழமை ஒத்திகை

"தரையில என்ன தேடுறீங்க ரோடெல் அண்ணா? எங்களைப் பார்த்துப் பேசுங்க."

மிலா கூடத்தின் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் வரிசையில் மாலுமிகளின் மனைவிமார் வேடம் போட்டிருந்த மூன்று அலுவலகப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மேடையில் நின்ற ரோடெல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பாதி வாழ்க்கையைச் சரக்குக் கப்பல்களில் கழித்தவர். புயல் அடிக்கும்போதுகூட அவர் போடும் சத்தம் கப்பலின் மறுகோடி வரை கேட்கும். முழங்கால் உடைந்து கரைக்கு வந்தவரை, மாலுமிகளைக் கப்பலுக்கு அனுப்பும் அந்த மணிலா கம்பெனி கொஞ்ச நாள் கிடங்கில் வைத்திருந்துவிட்டு, இந்த வேலைக்கு மாற்றியது. கப்பலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பங்களின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மைக்கைப் பிடித்தால் அவருக்குத் தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது.

அவரைப் பேசப் பழக்குவது மிலாவின் பொறுப்பு. வெள்ளிக்கிழமைதோறும் மதியம் ஒரு கற்பனை விபத்து, கற்பனைக் கப்பல், கற்பனைப் பெயர்கள்.

"மறுபடி சொல்லுங்க."

"அதாவது... எங்களுக்குக் கிடைச்ச தகவல்படி... வருந்தத்தக்க ஒரு சம்பவம்..."

"நிறுத்துங்க. சம்பவம்னா என்ன, கல்யாணமா, கருமாதியா? எதிர்ல உக்காந்திருக்கிறவளுக்கு ஒரே கேள்விதான். என் ஆளு இருக்கானா, இல்லையா? அதை முதல்ல சொல்லுங்க."

"மனசு வரலையே, டீச்சர்."

தன்னைவிடச் சின்னவளை அப்படிக் கூப்பிட்டுக் கிண்டல் செய்வதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

"யாருக்கும் வராது. அதுக்குத்தான் வாராவாரம் பழகுறோம்."

அவள் கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. முன்பு இந்த வேலையைப் பார்த்தவர் ஒருமுறை கால் மணி நேரம் சுற்றி வளைத்துப் பேசினார். தன் மகன் செத்துப்போனான் என்பதே ஒரு தாய்க்கு வாசலுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. படிக்கட்டில் விழுந்த அவளை மிலாதான் தாங்கிப் பிடித்தாள்.

பெண்கள் போனதும் மிலா குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வெள்ளிக்கிழமை மேனேஜர் வில்லருவேல் நேர்ல வந்து பாக்கப்போறார். அன்னைக்கும் திணறினா, உங்களை மறுபடி கிடங்குக்கே அனுப்பிடுவாராம். தினமும் வீட்ல கண்ணாடி முன்னாடி பேசிப் பாருங்க."

"பேசிப் பாத்தேன். என் வீட்டுக்காரி சிரிக்கிறா."

"சிரிக்கட்டும். அவ முன்னாடியே பேசுங்க."

அந்த வாரம் ரோடெல் விடாமல் பேசிப் பழகினார். சவரம் செய்யும்போது பேசினார். வேலைக்குப் போகும் ஜீப்னி வண்டியில் ஜன்னல் பக்கம் திரும்பி முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மிலாவுக்குப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. மருத்துவமனையில் அணைத்த போனை மறுபடி போடாமலேயே, மரத்துப்போன தாடையோடு நேராகக் கூடத்துக்கு வந்துவிட்டாள். முன் வரிசைப் பெண்களில் ஒருத்தியையும் காணோம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே வில்லருவேல் நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. மனுஷன் நேரத்துக்கு முன்னாடியே வந்து நோட்டம் பார்க்கிறாரே என்று அவள் அவசரமாக நாற்காலிகளை வரிசைப்படுத்தினாள்.

ரோடெல் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. கையில் காகிதம் எதுவும் இல்லை.

"மிலா, முதல்ல ஒரு விஷயம்..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. வாராவாரம் ஒரு சாக்கு. வெளியில அவர் பாத்துட்டு நிக்கிறார். நேரா ஆரம்பிங்க. இன்னைக்கு நான்தான் குடும்பம்." முன் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

ரோடெல் மேடை ஏறவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். அவள் சொல்லித்தராத புது உத்தி. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள்.

"இன்னைக்கு விடியக்காலையில நம்ம கப்பல்ல, என்ஜின் ரூம்ல தீப்பிடிச்சிடுச்சு. ஒருத்தர் இறந்துட்டார். மத்த எல்லாரும் பத்திரமா இருக்காங்க."

குரல் நடுங்கவில்லை. பார்வை விலகவில்லை. மூன்றே வாக்கியம். மிலாவுக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ஆனால் கஷ்டமான இடம் இனிமேல்தான். இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் அவர் உளறிக் கொட்டியிருக்கிறார். அவள் பதறுகிறவள் மாதிரி நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"யாரு? செத்தது யாருன்னு சொல்லுங்க."

ரோடெல் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார்.

"செகண்ட் என்ஜினியர். எஃப்ரென் மனலஸ்தாஸ்."

மிலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் சிவந்துவிட்டது. கதவுக்கு வெளியே நிற்பவருக்குக் கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ரோடெல் அண்ணா, இவ்வளவு நல்லாப் பேசிட்டு இப்படிக் கெடுத்துட்டீங்களே. ஒத்திகைக்குன்னாலும் என் புருஷன் பேரையா சொல்றது?"

"இன்னைக்கு ஒத்திகை இல்லம்மா" என்றார் ரோடெல்.