ஊசி மாறிய துப்பாக்கிகள்

பழைய ஆயுதங்களின் மதிப்பீட்டாளர் ஞானப்பிரகாசம் ஜப்பானிய ராணுவத்தின் கார்பைன் துப்பாக்கியைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் எண்ணைத் தேடினார். குழல், போல்ட், விசை எல்லாவற்றிலும் 417. சுடும் ஊசியில் மட்டும் 418.

"நம்பர் சேரலேன்னா இது வெறும் இரும்பு, மேடம்."

"நானூத்திப் பதினெட்டா?" என்ற அருங்காட்சியகக் காப்பாளர் மரகதவல்லி உள்ளே போய், எங்கோ ஒரு தீவிலிருந்து போன வருடம் வந்த துப்பாக்கியைக் கொண்டுவந்தார். அதன் குழலில் 418. ஞானப்பிரகாசம் அதன் ஊசியை உருவினார்.

417.

"ரெண்டு சிப்பாய்ங்க பக்கத்துல பக்கத்துல உக்காந்து துப்பாக்கியத் தொடச்சிருக்காங்க. பேசிக்கிட்டே மாத்திப் போட்டிருக்காங்க."

"இப்ப அதது இடத்துல போட்டுரலாமா சார்?"

அவர் இரண்டு ஊசிகளையும் உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு, மாறியிருந்தபடியே திரும்பப் பொருத்தினார், பேச்சைக் கலைத்துவிடக் கூடாது என்பதுபோல, மெதுவாக.