அப்பா பெயர் கொண்ட பை

அறையில் நான், என் தம்பி திருமேனி, புதுப் பிளாஸ்டிக்கை உருவாக்கிய அவன் மகள் குழலி ஆகிய மூவர் இருந்தோம். கதவைத் தம்பி தாழிட்டிருந்தான். பிளாஸ்டிக்கிலிருந்து இரத்தத்தில் நஞ்சு கசியாத புது இரத்தப்பையைச் செய்து, எங்கள் அப்பா பெயரில் விற்கவிருந்தோம். புதுப் பையில் முதலில் வீட்டு ஆளின் இரத்தத்தை நிரப்புவது எங்கள் வழக்கம். என் கையிலிருந்து எடுத்து, பழைய வகைப் பை ஒன்றிலும் புதுப் பை ஒன்றிலும் சில வாரம் வைத்திருந்தோம். பழையதில் மேலே தெளிந்த நீர் மஞ்சளாக நின்றது. புதியதில் சிவந்திருந்தது.

"செல்லெல்லாம் உடைஞ்சிருக்கு, பெரியப்பா."

"அண்ணே, உங்க ரத்தத்துலதான் கோளாறுன்னு சொல்லிடுவோம். பை தப்பிச்சிரும்" என்றான் தம்பி.

"அப்பா குடுத்த ரத்தம்டா இது. உனக்கும் அதான் ஓடுது."

"பையிலயும் அப்பா பேருதாண்ணே இருக்கு."

யாரும் எழுந்து கதவைத் திறக்கவில்லை.

பெரியவர் இரத்தம் கெட்டுவிட்டது என்று என்னைப் பற்றி இப்போது ஊரில் பேசுகிறார்கள். அது தவறு. இரத்தம் நல்லது. பைதான் சரியில்லை.